துண்டுக்குள் பேசும் விலை: ஸாப்ட்வேர் கம்பெனிகள் விலையை மறைப்பது ஏன்?

மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசும் காட்சி பலருக்கும் தெரிந்ததே. இருவர் கையும் ஒரு துண்டுக்குள் மறைந்திருக்கும். வாய் திறவாமல், விரல்களைப் பிடித்தே பேரத்தை முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு மாடு கைமாறியது தெரியும். என்ன விலைக்கு என்பது மட்டும் தெரியாது.

கோடிக்கணக்கில் பணம் புரளும் ஸாப்ட்வேர் வியாபாரமும் இன்று ஏறக்குறைய இப்படித்தான் நடைபெறுகிறது. ஓர் ஆஸ்பத்திரியோ, பாங்கோ, நகரசபையோ தன் கணக்கு வழக்குகளைக் கவனிக்கப் பெரிய ஸாப்ட்வேர் ஒன்றை வாங்க முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் விளம்பரத்தில் சரக்கின் சிறப்புக்கள் எல்லாம் இருக்கும், விலை இராது. “விவரங்களுக்கு எங்கள் பிரதிநிதியுடன் பேசவும்” என்ற வரிதான் இருக்கும். பிரதிநிதி வந்ததும் முதலில் கேள்வி கேட்பார். சிப்பந்திகள் எத்தனை பேர்? இப்பொழுது உபயோகிப்பது எது? இந்த வருஷம் இதற்காக ஒதுக்கிய தொகை எவ்வளவு? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் விலை பிறக்கிறது.

அடக்க விலை இல்லாத சரக்கு

ஆதியில் ஸாப்ட்வேருக்குத் தனி விலையே கிடையாது. ஐ.பி.எம். கம்பெனி கம்ப்யூட்டரை வாடகைக்கு விட்டபோது ஸாப்ட்வேரையும் அதனுடன் சேர்த்தே கொடுத்துவந்தது. 1969 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் அதன்மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 23ந் தேதி, இனி ஸாப்ட்வேருக்குத் தனியாக விலை உண்டு என்று கம்பெனி அறிவித்தது. ஸாப்ட்வேர் ஒரு தனி வியாபாரமாக வளர்வதற்கு இந்த அறிவிப்பு வழிகோலியது.

ஆனால் அந்த விலையை எப்படி நிர்ணயிப்பது? ஒரு புடவை என்றால் நூல், சாயம், கூலி என்று கணக்கிடலாம். ஸாப்ட்வேரை எழுதி முடிப்பதற்குத்தான் பெருஞ் செலவு. எழுதி முடித்தபின், இன்னொருவருக்கு ஒரு பிரதி கொடுக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆகவே விலைக்குக் கீழ் எல்லை ஏறக்குறைய இல்லை. மேல் எல்லை வாங்குபவரின் பணப்பை. ஒரே விலையை அறிவித்தால், அது அதிகமாக இருப்பின் சிறு வாடிக்கைக்காரர் போய்விடுவார். குறைவாக இருப்பின் பெரிய வாடிக்கைக்காரரிடம் கிடைக்கக்கூடிய பணம் கைவிட்டுப் போகும். ஆளுக்கு ஒரு விலை சொல்வதே லாபம். ஆளுக்கு ஒரு விலை சொல்ல வேண்டுமானால், ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்குத் தெரியக்கூடாது.

கம்பெனிகள் வேறு சமாதானம் சொல்கின்றன. ஒவ்வொரு ஸ்தாபனத்தின் தேவையும் வேறு, பழைய கணக்குகளை மாற்றுவதும் சிப்பந்திகளைப் பழக்குவதும் இடத்துக்கு இடம் மாறும் என்கின்றன. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே தேவையுள்ள இருவர் வெவ்வேறு தொகை கொடுப்பதற்கு இது சமாதானமாகாது.

பட்டியலும் நடைமுறையும்

விலையை அச்சிட்டுவிட்டால் மட்டும் ரகசியம் வெளிப்பட்டுவிடுமா? ஆரக்கிள் கம்பெனி பட்டியல் வெளியிடவே செய்கிறது. அதன் டேட்டாபேஸில் உயர்ந்த ரகத்துக்கு ஒரு பிராஸஸருக்கு 47,500 டாலர் என்று பல ஆண்டுகளாக அதில் கண்டிருக்கிறது. மறைவாக இருப்பது விலை அல்ல, தள்ளுபடி.

பீப்பிள்ஸாப்ட் என்ற போட்டிக் கம்பெனியை ஆரக்கிள் வாங்குவதைத் தடுக்க அமெரிக்க சர்க்கார் தொடுத்த வழக்கு 2004ல் ஸான்பிரான்ஸிஸ்கோ கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. அதிகத் தள்ளுபடி கொடுக்க விரும்பும் விற்பனையாளர், காரணத்தை எழுதி மேலிடத்தின் அனுமதி பெற வேண்டும் என்ற வழக்கம் அப்பொழுது அம்பலத்துக்கு வந்தது. போட்டியாளர் களத்தில் இருந்தால் தள்ளுபடி கூடுகிறது என்று சர்க்கார் தரப்பு நிபுணர் அந்தப் பாரங்களிலிருந்து வாதாடினார். தீர்ப்பு ஆரக்கிளுக்குச் சாதகமாயிற்று. ஆனால், தள்ளுபடி எப்படி நிர்ணயமாகிறது என்பதை வெளியார் பார்க்க அது ஓர் அரிய சந்தர்ப்பம்.

அடுத்த வழக்கு இதைவிட முக்கியமானது. மற்ற வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடியை உள்ளபடி தெரிவிக்க வேண்டும் என்பது 1998ல் அமெரிக்க சர்க்காருக்கும் ஆரக்கிளுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் நிபந்தனை. அது மீறப்பட்டது, சர்க்கார் அதிக விலை கொடுத்துவிட்டது என்று கம்பெனியின் முன்னாள் சிப்பந்தி ஒருவரே வழக்குத் தொடுத்தார். சர்க்காரும் அதில் சேர்ந்துகொண்டது. 2011ல் கம்பெனி 19 கோடியே 95 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை ராஜி செய்துகொண்டது. குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனாலும் உலகிலேயே பெரிய வாடிக்கைக்காரரான அமெரிக்க சர்க்காருக்கே, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த விலை தெரியவில்லை என்றால், ஒரு சிறிய நகரசபையின் கதி என்ன?

இந்த ரகசியம் கம்பெனிக்கும் முழு நன்மை தருவதில்லை. ஐயன் லார்கின் என்ற ஆராய்ச்சியாளர் 2014ல் வெளியிட்ட கட்டுரையில், கமிஷனை உத்தேசித்து விற்பனையாளர்கள் காலாண்டு முடிவில் அவசரமாகத் தள்ளுபடி கொடுப்பதால், ஒரு கம்பெனி தன் வருமானத்தில் 6 முதல் 8 சதவீதம் இழந்தது என்று காட்டினார். காத்திருக்கத் தெரிந்தவருக்கு மலிவு. அவசரக்காரருக்கு அதிக விலை.

பகிரங்கமாக்கினால் போதுமா?

எல்லா விலையையும் பகிரங்கமாக்கச் சட்டம் செய்தால் தீருமா? டென்மார்க்கின் அனுபவம் எச்சரிக்கை செய்கிறது. அங்கே 1993ல், கட்டிட வேலைக்கான தயார்க் கான்கிரீட் என்ன விலைக்கு விற்கிறது என்பதைச் சர்க்கார் பிரசுரிக்கத் தொடங்கியது. விலை குறையவில்லை, ஒரு வருஷத்துக்குள் 15 முதல் 20 சதவீதம் ஏறியது. விற்பவர்கள் சிலரே இருந்ததால், ஒருவர் தள்ளுபடியை மற்றவர் பார்த்து அனைவரும் கையை இறுக்கிக்கொண்டார்கள் என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு.

ஆனால் விலையைப் போட்டு விற்றால் வியாபாரம் நடக்காது என்பதும் சரியல்ல. 2002ல் சிட்னியில் தோன்றிய அட்லாஸியன், ஆரம்பத்தில் விற்பனைப் பிரதிநிதிகள் இல்லாமலே பகிரங்க விலையில் விற்று வளர்ந்தது. சென்னையில் வேரூன்றிய ஜோஹோவும் தன் சரக்குகள் பலவற்றின் விலையை எல்லோரும் காணும்படி அறிவிக்கிறது. சர்க்கார் காரியாலயங்களுக்காகப் பிரிட்டன் 2012ல் தொடங்கிய ஜி-கிளவுட் ஏற்பாட்டில், விற்பவர்கள் விலையையும் வெளியிட வேண்டும்.

விற்பவர் பட்டியல் போடுவதைவிட, வாங்குபவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதே அதிகப் பயன் தரும். ஒரே சரக்கை வாங்கும் பத்து ஆஸ்பத்திரிகள் கொடுத்த தொகையைத் தங்களுக்குள் தெரிவித்துக்கொண்டு, சேர்ந்து பேரம் பேசினால் பிரதிநிதியின் கேள்விகளுக்குப் பலம் போய்விடும். அதற்குத் தடையாக, விலையை வெளியிடக்கூடாது என்ற ஷரத்து பல ஒப்பந்தங்களில் இடம்பெறுகிறது. பொது ஸ்தாபனங்கள் கையெழுத்திட மறுக்க வேண்டிய ஷரத்து இதுவே.

மாடு வாங்குபவர் தன் சொந்தப் பணத்தைக் கொடுக்கிறார். துண்டைப் போட்டு மூடுவது அவர் இஷ்டம். நகரசபை கொடுப்பது ஊராரின் வரிப்பணம். அதற்குத் துண்டு எதற்கு?