அறைக்கு நான்கு பேர்

இரண்டாம் உலகப் போரில் பறந்த லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் வழக்கமாக ஏழு பேர். விமானி, எஞ்சினைக் கவனிக்கும் பொறியாளர், வழி கணிப்பவர், குண்டு போடுபவர், வயர்லெஸ்காரர், முதுகில் ஒன்றும் வாலில் ஒன்றுமாக இரண்டு துப்பாக்கிக்காரர்கள். விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படை, கனரகக் குண்டுவீச்சு விமானங்களில் இரண்டாவது விமானியே வேண்டாம் என்று முடிவு செய்தது. அமெரிக்காவின் பி-17-ல் பத்துப் பேர். 1944 ஆகஸ்டில் திருகோணமலையின் சீனக்குடாவிலிருந்து பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் புறப்பட்ட பி-29-களில் பதினொரு பேர்.

ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்பு, எந்த விமானத்தில் யார் யார் என்று பெயர் வாரியாகப் பட்டியல் ஒட்டினார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவில் மட்டும் 55,573 விமானப் படையினர் மாண்டார்கள். பட்டியல் உயிரைக் காத்துவிடவில்லைதான். ஆனால் யார் திரும்பவில்லை என்று மறுநாள் காலையில் தெரிந்தது.

பட்டாசு நகரமான சிவகாசிக்கும் அந்தப் போருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்தது தீப்பெட்டித் தொழில். பட்டாசு முறையான தொழிலாக வளர்ந்தது 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்த பிறகு. போரால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றதும் அதற்குக் கை கொடுத்தது.

இன்றைய விதிப்படி பட்டாசு தயாரிக்கும் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. விமானத்தில் ஆள் எண்ணிக்கை, வேலை முடிய எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு. பட்டாசு அறையில் அது, வெடித்தால் எத்தனை பேர் சிக்குவார்கள் என்ற கணக்கு. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் கந்தகமும் கலந்த மருந்துக்கு ஓர் உராய்வு போதும். அறைகளுக்கு இடையே இடைவெளி விடச் சொல்வதும் அதற்காகத்தான்.

ஆனால் லங்காஸ்டரில் பொதுவாக எட்டாவது ஆளுக்கு இருக்கை இல்லை. பட்டாசு அறையில் தரை இருக்கிறது. தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது ஐந்தாவது ஆள் உட்கார்ந்துவிடுகிறார். கூலி உருப்படிக் கணக்கில் என்பதால் அவருக்கும் அவசரம். இடம் போதவில்லை என்றால் மரத்தடி. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில் வேறு சிலர் கையில். அங்கே வேலையை மேற்பார்க்கும் போர்மேன் யார் சொல்வதைக் கேட்பார்?

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் இறந்தார்கள். உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் உள்குத்தகைதான் பேச்சாக இருந்தது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் உரிமம் ரத்து, நிவாரணம், ஆய்வுக் குழு என்று அதே வரிசை.

சுவரில் எழுதிய ‘4’ என்ற எண்ணால் மட்டும் பயனில்லை. மருந்து கலக்கும் முன்பே அறைவாரியாகப் பெயரும் வேலையும் எழுதிய பட்டியல், போர்மேன் கையெழுத்துடன் அன்று காலையே ஆய்வு அதிகாரிக்குப் போக வேண்டும். மருந்து கலப்பவர் இவர், மருந்து செலுத்துபவர் இவர் என்று தெரிந்துவிட்டால், பட்டியலில் இல்லாத ஐந்தாவது ஆளை யார் உள்ளே விட்டது என்று கேட்கலாம். நடைமுறைக்கு ஒத்துவராது என்று முதலாளிகள் சொல்லக்கூடும். ஆனால் கூலி கணக்குப் பார்க்க யார் எத்தனை உருப்படி முடித்தார் என்று தினமும் எழுதத்தான் செய்கிறார்கள். அந்த நோட்டை மாலையில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.