லேப்டாப் காட்டாத கம்ப்ரஷன்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை வரும். திரையில் தெரிந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். பழைய கார் வாங்கப் போகும் இடத்தில் இந்த நம்பிக்கையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள் என்பேன்.

இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஓ.பி.டி-2 கட்டாயமானது. ஸ்டியரிங் பக்கம் கீழே 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும். அதில் சிறிய அடாப்டரைச் செருகி, புளூடூத் வழியாக லேப்டாப்பையோ செல்போனையோ இணைத்தால் இன்ஜினின் கோளாறு எண்கள் வரும். பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் காரணம் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா, தேய்ந்துபோன பிஸ்டன் ரிங்கா என்று அந்த எண் சொல்லாது. அதைவிட முக்கியம், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்வதுபோல ஒரே கிளிக்கில் அந்த எண்களை அழித்துவிடலாம்.

எலவனாசூர்கோட்டையில் எங்கள் தெருத் தம்பி ஒருவர் கார் பார்க்கப் போன இடத்தில், விற்பவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "ஒரு கோடு கூட இல்லை" என்றாராம். தம்பி அட்வான்ஸ் கொடுக்கத் தயாராகிவிட்டார். அது அவருடைய மூன்று வருடச் சேமிப்பு. கம்ப்ரஷன் பார்க்காமல் கொடுக்காதே என்று சொல்லி என் கேஜைக் கொடுத்தனுப்பினேன்.

செய்முறை கடினமில்லை. இன்ஜினைச் சூடேற்றி நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி இருக்கட்டும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றி, இக்னிஷன் காயில் இணைப்பையும் பிரித்துவிடுங்கள். திறந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும்போது பொறி பறந்தால் தீப்பிடிக்கும். இந்த வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிறகு எல்லா பிளக்கையும் கழற்றி, முதல் துளையில் கேஜை முறுக்குங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து ஐந்தாறு சுற்று செல்ஃப் அடிக்கட்டும். முள் நின்ற எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த சிலிண்டருக்குப் போகலாம். பேட்டரி இறங்கியிருந்தால் எல்லா எண்ணும் குறைவாகவே வரும்.

தம்பி பார்த்த மூன்று சிலிண்டர் காரில் வந்த எண்கள் 160, 155, 105 பி.எஸ்.ஐ. எக்ஸெலில் போட்டுக் குறைந்ததை அதிகமானதால் வகுத்தோம், 66 சதவீதம். கம்பெனி மேனுவலில் உள்ள அளவே இறுதியானது என்றாலும், பொதுவாக 85, 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது 140. ஆயில் போய் இடைவெளியை அடைத்ததால் ஏறியது. அப்படியென்றால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறாமல் இருந்திருந்தால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள்.

இன்ஜின் வேலைக்கான தொகையைக் கழிக்கச் சொல்லித் தம்பி கேட்டார். விற்பவர் லேப்டாப்பையே மறுபடி காட்டினார். தம்பி வண்டியை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் உள்ள விலை உயர்ந்த ஸ்கேனர்கள் சில, செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை வைத்துச் சிலிண்டர்களை ஒப்பிட்டுக் காட்டும். நாம் வாங்கும் மலிவான அடாப்டரில் அதை எதிர்பார்க்க வேண்டாம். கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800-ல் லேப்டாப் இணைக்க இடமே கிடையாது. கேஜுக்கு அந்தக் கவலை இல்லை.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் கேஜைத் தொடவே வேண்டாம். டீசல் இன்ஜினில் அழுத்தம் 400 பி.எஸ்.ஐ. வரையும், அதற்கு மேலும் போகும். அதற்குத் தனி கேஜ், தனி அடாப்டர் உண்டு.