அண்ணாச்சி விற்கும் லாட்டரிச் சீட்டு

பரிசளிப்பு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர்கள் எல்லோருக்கும் ஒரே ஆள்தான் பேச்சு எழுதித் தருகிறாரோ என்ற சந்தேகம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. பள்ளிகளுக்கிடையிலான ஹாக்கிப் போட்டி. இறுதி ஆட்டம் சமனில் முடிந்து, ஷூட்அவுட்டில் ஒரு பள்ளி ஜெயித்திருக்கும். தோற்ற பையன்கள் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மைக்கைப் பிடித்தவர் தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பிப்பார்: “தம்பிகளா, நீங்க தோக்கல. அதிர்ஷ்டம்தான் உங்களத் தோக்கடிச்சிருக்கு. டைபிரேக்கர்ங்கிறது லாட்டரிச் சீட்டு மாதிரி.” கைதட்டல் கிளம்பும். ஜெயித்த பையன்களும் சேர்ந்து தட்டுவார்கள், பாவம், திட்டு வாங்குவது தாங்கள்தான் என்று தெரியாமல்.

எங்கள் பக்கத்து ஊர் மைதானத்தில் இந்தப் பேச்சைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் ஒரு அண்ணாச்சி. தங்கமான மனிதர், பந்தலும் மதியச் சாப்பாடும் அவர் செலவு. தமிழ்நாட்டில் லாட்டரியை 2003-லேயே தடை செய்துவிட்ட சங்கதியை மட்டும் யாரும் அவர் காதில் போடவில்லை போலிருக்கிறது.

அதிர்ஷ்டம் எது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1968-ல் நேப்பிள்ஸ் நகரத்தில் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையின் அரையிறுதி. இத்தாலியும் சோவியத் யூனியனும் கூடுதல் நேரம் வரை முட்டிமோதியும் ஒரு கோல்கூட விழவில்லை. நடுவர் காசைச் சுண்டினார். இத்தாலி இறுதிக்குப் போனது, கோப்பையையும் வாங்கியது. அது அதிர்ஷ்டம். 2019-ல் லார்ட்ஸ் மைதானத்தில் சூப்பர் ஓவரும் சமனான பிறகு, யார் அதிக பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணிப் பார்த்து இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையைக் கொடுத்தார்களே, அதை அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, கணக்குப்பிள்ளை வேலை. இந்த இரண்டையும் ஷூட்அவுட்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறவர் ஷூட்அவுட்டைப் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறார்.

அண்ணாச்சியின் மனதில் ஓடுவது பழைய படம். அந்தக் காலத்தில் பெனால்டி ஸ்டிரோக். கோலுக்கு ஆறரை மீட்டருக்குள் பந்து, ஒரு தட்டு, முடிந்தது கதை. 1973 உலகக் கோப்பை இறுதியில் ஆம்ஸ்டெல்வீனில் 2-2 என்று நின்று, ஸ்டிரோக்கில் 4-2 என நெதர்லாந்திடம் இந்தியா கோட்டைவிட்டதை ரேடியோவில் கேட்ட தலைமுறை அது. புலம்பட்டும், நியாயம் உண்டு. ஆனால் இன்றைக்கு நடப்பது அந்த விளையாட்டே இல்லை.

இன்றைக்கு பந்து 23 மீட்டர் கோட்டில் இருக்கும். கோலி கோல் கோட்டில் நிற்பான். விசில் அடித்ததும் இரண்டு பேரும் ஓடலாம். பந்தோடு வருகிறவனுக்கு எட்டு விநாடி. நேராக வரலாம், வளைந்து வரலாம், கோலியைச் சுற்றிப்போய் ரிவர்ஸில் அடிக்கலாம், தலைக்கு மேலே தூக்கலாம், அடித்த பந்து பேடில் பட்டுத் திரும்பினால் நேரம் மிச்சமிருக்கும்வரை மறுபடி அடிக்கலாம். கோலி பாய்ந்து வந்து இடத்தைச் சுருக்க வேண்டும். ஆனால் காலை வாரிவிட்டால் மறுபடி முதலிலிருந்து, வேண்டுமென்றே வாரினால் ஸ்டிரோக். நாலாவது விநாடியில் கோலி நிற்கிறானா, உட்காருகிறானா, படுக்கிறானா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் படுத்தவன் செத்தான். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவன் என்றைக்காவது இவ்வளவு யோசித்திருக்கிறானா?

போன வருடம் தோற்ற அணியின் கோலியிடம் போய் உட்கார்ந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன். இடது கால் பேடின் வார் அறுந்துபோய் சைக்கிள் டியூபால் கட்டியிருந்தான். முடிச்சு இறுகிக்கொண்டு அவிழ மாட்டேன் என்றது. மேடையில் அண்ணாச்சி லாட்டரியில் இருந்தார். இவன் முடிச்சைப் பல்லால் கடித்தபடி சொன்னான்: “அவன் ரிவர்ஸ்லதான் சார் இழுப்பான். லீக் மேட்ச்லயே பாத்து வச்சிருந்தேன். தெரிஞ்சும் முன்னாடியே படுத்துட்டேன்.” அண்ணாச்சியை விட இவனுக்கு ஹாக்கி தெரியும்.

பிறகு அவர்களுடைய பி.டி. சாரைப் பிடித்தேன். ஷூட்அவுட் பயிற்சி உண்டா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார்: “அதுக்கு எதுக்கு சார் பிராக்டிஸ்? அது லக்குதான?” ஜெயித்த பள்ளியிலோ மாலை ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஐந்து முறை ஓடவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். அதிர்ஷ்டம் எந்தப் பள்ளிக்கு வண்டி ஏறும் என்பதில் இனி என்ன மர்மம்? மேடைப் பேச்சு மேடையோடு போவதில்லை என்பதுதான் என் எரிச்சலே. அடுத்த வருடத் தோல்விக்கு அங்கேயே விதை போட்டுவிடுகிறார்கள்.

பெரிய இடத்துச் சாட்சி வேண்டுமா? 2016-ல் லக்னோவில் ஜூனியர் உலகக் கோப்பை அரையிறுதி, ஆஸ்திரேலியாவோடு 2-2, ஷூட்அவுட்டில் இந்தியா 4-2, கோப்பையும் நமக்கே. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. சிவப்பு அட்டையால் ஒரு ஆள் குறைந்து ஆட்டத்தின் பெரும்பகுதியை ஓட்டி, பிரிட்டனோடு 1-1 என்று நிறுத்தி, ஷூட்அவுட்டில் நம் கோலி ஸ்ரீஜேஷ் சுவர் எழுப்ப, 4-2. 2025 டிசம்பரில் சென்னையில் ஜூனியர் உலகக் கோப்பைக் காலிறுதி, பெல்ஜியத்தோடு 2-2, ஷூட்அவுட்டில் 4-3. அந்த ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளர் யார்? அதே ஸ்ரீஜேஷ். அதே போட்டியில் ஜெர்மனி, காலிறுதியில் பிரான்ஸையும் இறுதியில் ஸ்பெயினையும் ஷூட்அவுட்டில் தாண்டித்தான் கோப்பையைத் தூக்கியது. ஒரே வாரத்தில் இரண்டு பம்பர் குலுக்கல் போலும்.

பர்மிங்ஹாமை மறந்துவிட்டாயா என்பார்கள். மறக்கவில்லை. 2022 காமன்வெல்த் போட்டி பெண்கள் ஹாக்கி அரையிறுதி ஷூட்அவுட்டில் நம் கோலி சவிதா தடுத்த பிறகு, கடிகாரம் ஓடவில்லை என்று ஆஸ்திரேலியாவுக்கு மறுபடி வாய்ப்புக் கொடுத்தார்கள். அது கோல் ஆனது. பொத்தானை அமுக்க மறந்தது மனிதன். அதை விதியின் மேல் போடுவானேன்? நம் பள்ளி மைதானங்களில் அதைவிட மோசம். அம்பயர் வாயாலேயே எட்டு எண்ணுகிறார், பசி நேரத்தில் அவருடைய எட்டு ஆறாகிவிடும். அண்ணாச்சி பந்தல் செலவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து ஒரு ஹூட்டரும் நல்ல ஸ்டாப்வாட்சும் வாங்கித் தரலாம்.

குழு விளையாட்டில் பழி ஒருத்தன் தலையில் விழுகிறதே என்கிறார்கள். கடைசி நிமிடத்தில் பெனால்டி கார்னரைக் கோட்டைவிட்டவன் தலையில் மட்டும் பூவா விழுகிறது?

கோல் விழும்வரை ஆடவிடலாமே என்கிறார்கள். மே மாத வெயிலில், காலையில் அரையிறுதியும் மாலையில் இறுதியும் ஆடிய பிள்ளைகளை. சொல்கிறவர் பந்தல் நிழலில் இருப்பார்.

மிச்சமிருப்பது அண்ணாச்சியின் செல்லத் திட்டம்: இரண்டு பேரையும் கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவித்துவிடுவது, கோப்பை ஆளுக்கு ஆறு மாதம். நம் நாட்டுக்கு இது புதிதில்லை. 1960 டூரண்ட் கால்பந்துக் கோப்பையை மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் இப்படித்தான் பங்கு போட்டுக்கொண்டன. அடுத்த கட்டப் போட்டிக்கு ஒரு பள்ளிதான் போக முடியும் என்றால் யாரை அனுப்புவது என்று கேட்டேன். “அத அப்பறம் பேசிக்கலாம் தம்பி” என்றார்.

ஒரு வருடம் அவர் ஆசை நிறைவேறியது. மழை வந்து ஆட்டம் தாமதமாகி, 1-1 என்று முடிந்தபோது இருட்டிவிட்டது. மைதானத்தில் விளக்கு கிடையாது. கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவித்தார்கள். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. முதல் ஆறு மாதம் கோப்பை எந்தப் பள்ளிக்கு என்ற பேச்சு வந்தது. இரண்டு தலைமையாசிரியர்களும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கேப்டன்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டு, “பூவா தலையா?” என்று கேட்டுவிட்டு, அண்ணாச்சி தன் சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துச் சுண்டினார். அந்த ஒரு வருடம் மட்டும் அவர் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசவில்லை.