கைப்பைக்கு அடங்கும், கழுத்துக்கு?

"பெரியம்மா, சின்னதா ஒரு லாப்டாப் வாங்கலாம்னு இருக்கேன். 11 அங்குலம். குழந்தை தூங்கற நேரத்துல மடியில வச்சே டைப் பண்ணிடலாம். அம்மா வீட்டுக்குப் போனாலும் பையில போட்டுக்கலாம்" என்றாள் என் தங்கை மகள். வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்து கொடுக்கிறாள். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. தப்பாக வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை.

எனக்குச் சட்டென்று என் கழுத்து ஞாபகம் வந்தது.

2007-ல் தைவான் நாட்டு ஆசுஸ் கம்பெனி 7 அங்குலத் திரையோடு, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில், 'ஈ பீசி' என்ற குட்டிக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. 'நெட்புக்' என்று சொல்லி மற்ற கம்பெனிகளும் கிளம்பின. 2009-ல் நானும் 10 அங்குலத்தில் ஒன்று வாங்கினேன். கைப்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்தது! ஆனால் எழுத்தோ பொடிப்பொடி. அழுத்த வேண்டிய 'ஓகே' பட்டன் சில சமயம் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். குனிந்து குனிந்து பார்த்து, ஆறே மாதத்தில் தலையணைக்குப் பக்கத்தில் தைலம் நிரந்தரமாயிற்று. 2013 வாக்கில் அந்த ரகமே வழக்கொழிந்தது.

"அது அந்தக் காலம் பெரியம்மா. இப்போ திரையெல்லாம் பளிச்சுனு இருக்கு!"

வாஸ்தவம்தான். திரை மாறிவிட்டது, நம் விரலும் கழுத்துமா மாறிவிட்டன? லாப்டாப்பில் திரையும் விசைகளும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வசதியாக வைத்தால் தலை குனியும். கண்ணுக்கு நேராக வைத்தால் தோள் தூக்கும். சின்னதாக ஆக ஆக, குனிவது கூடும். ஏற்கெனவே பால் கொடுக்கும்போது குனிந்தே இருக்கிற பெண்ணுக்கு இது வேறா?

தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். சில குட்டி மாடல்களில் இடம் போதாமல் வலது ஓரத்து விசைகளைத்தான் ஒல்லியாக்கிவிடுவார்கள். இங்கிலீஷ்காரருக்கு அங்கே இருப்பது கமா, அடைப்புக்குறி மாதிரி சில்லறைகள். தமிழ்99 முறையில் நம்முடைய 'ச'வும் 'ய'வும் அங்கேதான் இருக்கின்றன!

கடைக்குக் கூடவே போனேன். 11 அங்குலத்தில் அரைப் பக்கம் டைப் செய்யச் சொன்னேன். 'ய' வர வேண்டிய இடத்தில் நாலு தடவை வரி உடைந்து கீழே இறங்கியது. பிறகு 14 அங்குலத்தில். சரளமாக ஓடியது.

"கனமா இருக்குமே?" என்று இழுத்தாள். சின்னது ஒரு கிலோ சொச்சம், இது ஒன்றரைக் கிலோ. வித்தியாசம் அரைக் கிலோகூட இல்லை. இடுப்பில் 7 கிலோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவளுக்கு இது ஒரு கனமா? தினமும் பஸ்ஸில் ஆபீஸ் போகிறவளாக இருந்தால் நானே சின்னதைச் சொல்லியிருப்பேன். இவள் அம்மா வீட்டுக்குப் போவது மாதம் ஒரு முறை.

14 அங்குலமே வாங்கினாள். மிச்சப் பணத்தில் தனியாக ஒரு கீபோர்டு. லாப்டாப்பை நாலு தடிப் புத்தகங்களின் மேல், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி ஏற்றி வைத்திருக்கிறாள். போன வாரம் அம்மா வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனாள். சார்ஜரை மட்டும் இங்கேயே மறந்துவிட்டு!