துப்பாக்கி இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை

செஞ்சிப் பக்கம் மல்லாட்டைக்கும் காட்டுப்பன்றிக்கும் இடையில் ராத்தூக்கம் கெட்ட குடியானவர்கள் நிறைய. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டதாக அவ்வப்போது செய்தி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். முறையாக உரிமம் வாங்கியவர்களும் உண்டு. பயிர்க் காவலுக்காக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

அதைக் கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழாயின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்குவார்கள். இறுக்கியதைத் தோட்டாவை உருவுவதுபோல் லேசில் வெளியே எடுக்க முடியாது. அன்றிரவு பன்றி வரவில்லையென்றால் மருந்தும் குண்டுமாகவே வீட்டு மூலைக்குத் திரும்பிவிடும். அந்த வீட்டுக்கு நேற்றுதான் வந்து சேர்ந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு, அங்கே எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று யார் சொல்லியிருப்பார்கள்?

வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றித்தான் பேசுகிறேன். இது தத்து அல்ல. சொந்த வீட்டில் இருக்க வழியில்லாத பிள்ளையை, விடுதிக்கு அனுப்பாமல், முன்வரும் குடும்பத்திடம் குழந்தைகள் நலக் குழு ஒப்படைக்கும். 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு இதற்கு வழிசெய்கிறது. ஒப்படைக்கும் முன் அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார்கள். அப்போது, 'வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, எங்கே வைக்கிறீர்கள், சாவி யாரிடம்?' என்றும் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்காவின் மிச்சிகனில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. வளர்ப்புப் பெற்றோராக முன்வந்த தங்களிடம் துப்பாக்கிகளின் வரிசை எண்களைக் கேட்டார்கள் என்று ஒரு தம்பதி 2017-இல் வழக்குத் தொடுத்தார்கள். அங்கே ஆயுதம் அரசியல் சட்டம் தந்த உரிமை. இங்கே அது கலெக்டர் தரும் உரிமம். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்குகிறோம். அரசுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பிள்ளைக்குப் பொறுப்பானவர்களிடம் மட்டும் மறைப்பது எப்படி அந்தரங்கமாகும்?

ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவரின் அச்சத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். இன்னார் வீட்டில் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் திருடனுக்கும் தெரியும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் புட்டசாமி வழக்கில் சொன்னது இவருக்கும் பொருந்தும். ஆகவே பதில் கோப்பைத் தாண்டக் கூடாது. பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம் என்கிறது அதே இளைஞர் நீதிச் சட்டம். அந்தக் கண்டிப்பில் பாதியாவது இந்தத் தகவலுக்கும் வேண்டும்.

உரிமம் உள்ள துப்பாக்கியைப் பொறுத்தவரை வேலை சுலபம். உரிமம் தருபவர் கலெக்டர். 2021-இல் இளைஞர் நீதிச் சட்டத்தைத் திருத்தியபோது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை மேற்பார்வையிடும் பொறுப்பும் அவருக்கே வந்தது. விழுப்புரம் கலெக்டரின் கீழுள்ள ஒரு பிரிவு இன்னொரு பிரிவைக் கேட்டால் போதும்.

உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிதான் பெரிய கவலை. 'இருக்கிறது' என்று சொல்லி யார் கேஸில் மாட்டிக்கொள்வார்கள்? அங்கே படிவம் உதவாது. ஆள்தான் போக வேண்டும். வளர்ப்புக் குடும்பத்தை மாதாமாதம் போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டமே குழுவுக்குச் சொல்லியிருக்கிறது. அந்த மாதாந்திரப் பார்வை கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக் கையெழுத்து வாங்குவதோடு முடியக் கூடாது. பிள்ளையைத் தனியே அழைத்துப்போய், ராத்திரி எங்கே படுக்கிறாய், வீட்டில் எதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். பிள்ளை சொன்னதை வீட்டாரிடம் சொல்லிக்கொடுக்கவும் கூடாது.