ரிமோட்டில் கார் ஸ்டார்ட் ஆகலையா? சாவியைக் குறை சொல்லாதீங்க!

ரிமோட் பட்டனை அழுத்தியும் இன்ஜின் ஓடவில்லை என்றால், பலரும் புது சாவிக்குச் செலவழிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம்.

பல நேரம் கார் பழுதாகியிருக்காது, வேண்டுமென்றே மறுக்கும். கதவோ பானட்டோ சரியாக மூடலை, ஆட்டோமேட்டிக் கியர் ‘பார்க்’கில் இல்லை, ‘செக் இன்ஜின்’ விளக்கு எரியுது... இதில் ஒன்று போதும். சில கார்களில் தொடர்ந்து இரண்டு முறைதான் ரிமோட் வேலை செய்யும். பிறகு உள்ளே உட்கார்ந்து ஒருமுறை ஸ்டார்ட் செய்ய வேண்டும். எல்லாம் சரின்னா, சாவியின் பட்டன் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம்.

பானட் ஸ்விட்சை ‘பைபாஸ்’ செய்வது மட்டும் கூடவே கூடாது. உள்ளே கைவிட்டு வேலை பார்ப்பவரின் விரல்களைக் காப்பது அதுதான்.

கம்பெனிகளும் மறுப்பதோடு நிற்காமல், ஏன் மறுக்கிறது என்பதைத் திரையில் காட்டினால் இந்த அலைச்சலே இருக்காது.