புகார் கேட்கும் பெண்ணைத் தூற்றுவது யாருக்காக?

2025 ஆகஸ்டில் பாலக்காடு காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர் ராகுல் மாங்கூட்டத்தில் மீது பெண்கள் குற்றச்சாட்டு எழுப்பினர். அவர் பதவி விலக வேண்டும் என்றார் அதே கட்சியின் திருக்காக்கரை உறுப்பினர் உமா தாமஸ். உடனே சமூக ஊடகங்களில் அவர்மீது வசைமாரி பொழிந்தது.

இதன் பாதிப்பு திருக்காக்கரையோடு நிற்காது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களிலும், ஊராட்சியின் ஜாக்ரதா சமிதிக்கு வரும் புகாரைப் பெரும்பாலும் கேட்பவர் பெண் உறுப்பினரே. கேரள உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்குரியவை. சட்டமன்ற உறுப்பினருக்கே இக்கதியெனில், வார்டு உறுப்பினர் புகாரைக் கையில் வாங்கவே அஞ்சுவார். புகாருடன் வந்தவர் படியேறாமலே திரும்புவார். தூற்றுவோர் வேண்டுவதும் அதுவே.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை (2013) அரசியல் கட்சிகளுக்கு விரிவாக்கக் கோரிய மனுவை உச்சநீதிமன்றம் 2025 செப்டம்பரில் ஏற்க மறுத்தது. ஆகவே பொறுப்பு கட்சிகளுடையது. இதில் இடதுசாரிகளும் விதிவிலக்கல்ல. ஷொர்ணூர் உறுப்பினராயிருந்த பி.கே. சசி மீது 2018இல் எழுந்த புகாரை மறந்துவிட முடியாது.

ஒவ்வொரு கட்சியும் வெளியாரும் இடம்பெறும் புகார்க் குழுவை அமைக்க வேண்டும். புகார் கேட்கும் பெண்களைத் தூற்றுவோர் சொந்தத் தொண்டரேயாயினும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.